பொன் வைக்க இடமில்லாத அறை

மகாதேவி அன்ரி கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வந்தவர் உடனே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். மடித்த துவாய்களை நெஞ்சோடு அணைத்தபடி கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"பிள்ளை, அவை இஞ்சைதான் வந்து நிக்கினம்."

"ஆர் அன்ரி?"

"மதுரான்ரை மாமி ஆக்கள். உமக்கு முன் அறையிலை."

அவர் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. கண் மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

மதுரா அவருடைய ஒரே மகள். அடுத்த கிழமை அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கீர்த்திகன், ரொறொன்ரோ. மாப்பிள்ளை வீட்டார் முதல்நாள் இரவு வந்து இறங்கியது அன்ரிக்குத் தெரியும். இணுவிலில் இருக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டில்தான் தங்குவார்கள் என்று நினைத்திருந்தார். அந்த வீட்டில் ஏசி இல்லை என்று மகன் கடைசி நேரத்தில் கைத்தொலைபேசியிலேயே அறை பிடித்துவிட்டான். பிடித்தது அன்ரி அறை துப்பரவாக்கும் இந்த ஹொட்டலில்.

அது திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மூன்று மாடி. பல வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு வந்த நான் அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்களை வீட்டைவிட்டு எழுப்பினால் நான் அந்த வீட்டிலேயே இருக்கவேண்டி வரும் என்பதால் எழுப்பவில்லை. தினமும் என் அறைக்கு வந்துபோன ஒரே மனிதர் மகாதேவி அன்ரிதான். கட்டிலை விரித்துக்கொண்டே கதைப்பார்.

சொந்த ஊர் பண்டத்தரிப்பு. கணவர் முருகேசுவுக்கு வெங்காயத் தோட்டம். அவர் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து முதுகெலும்பு உடைந்த பிறகு தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அன்ரி வேலை தேடினார். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவருக்குக் கிடைத்தது இந்த வேலை. முதல்நாள் ஒரு வெள்ளைக்காரச் சோடி எழுந்துபோன கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றாராம். தெரியாத ஆம்பிளை, தெரியாத பொம்பிளை படுத்த சீற்றில், அந்த மெத்தை விரிப்பில், அவர்களுடைய உடம்புச் சூடு இன்னும் போகாமல் இருந்தது. "சீற்றை உருவேக்கை மற்ற ஆக்களின்ரை உடுப்பை உரியிற மாதிரி இருந்தது பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தனான்" என்றார் ஒருமுறை.

முதல் வருடம் முழுக்க, வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் செத்த வீட்டுக்குப் போய்வந்தவர் போல நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். சீருடைச் சட்டைக்கு வீட்டுக்குள் இடம் இல்லை. பின்வளவுக் கொடியில் தனியாகக் காயும். நாலு கட்டில் உள்ள மாடியை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கும் அவர், தன் வீட்டில் படுப்பது பாயில்.

கணவருக்கும் மகளுக்கும் வேலை என்னவென்று தெரியும். ஊருக்குத் தெரியாது. "ரவுணிலை ஒரு ஒபிஸ்" என்று சொல்லியிருந்தார்கள். கலியாணப் பேச்சு வந்தபோது தரகர் அதையே இன்னும் கொஞ்சம் பெருப்பித்து, தாயார் தனியார் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் செல்வநாயகி வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் "ஒபிஸ் வேலை கஷ்டமோ?" என்று கேட்பார். "இருந்து செய்யிற வேலைதானே அக்கா" என்று அன்ரி சொல்வார். ஒரு நாளைக்கு நாற்பது தரம் குனிந்து நிமிர்கிறவர்.

"லீவு எடுத்துக்கொண்டு இப்பவே போங்கோ அன்ரி" என்றேன்.

"கேட்டிட்டன். நாளையிலை இருந்துதானே லீவு, இண்டைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு நில்லுங்கோ எண்டிட்டார் மனேச்சர் பார்த்தீபன் தம்பி. என்னோடை வேலை செய்யிற தக்சாயினியும் பிள்ளை பெறப் போட்டாள். வேறை ஆர் இருக்கினம்?"

"காரணத்தைச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் பார்த்தீபன் தம்பி சிரிப்பார். அவர் சிரிச்சால் கீழை வரவேற்பிலை இருக்கிறவையும் சிரிப்பினம். பிறகு அது பண்டத்தரிப்புக்கு வர எவ்வளவு நேரம்?"

நாளைக்கு நல்ல நாள். சம்மந்தி வீட்டார் முறையாகப் பெண் வீட்டுக்கு வருகிறார்கள். அன்ரி பட்டுச் சேலையும் பொட்டுமாக வாசலில் நின்று அவர்களை வரவேற்கவேண்டும். அதற்கு முன் இந்த ஒரு பகலை முகக்கவசத்துக்குள் கழித்துவிட்டால் சரி. அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

சற்று நேரத்தில் முன் அறையிலிருந்து கீழே தொலைபேசி போயிற்று. கீழேயிருந்து அன்ரியைக் கூப்பிட்டார்கள். கட்டில் சீற்றைத் தன் கண்முன்னால் மாற்றவேண்டும் என்று அந்த அம்மா கேட்கிறாராம். நான் என் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர்களுடைய கதவும் திறந்துதான் இருந்தது.

"தங்கச்சி, செருப்பை வெளியிலை கழட்டிப்போட்டு வாரும். உந்த மெத்தையின்ரை மூலையைத் தூக்கும். இன்னும் தூக்கும். இதிலைதான் மூட்டைப்பூச்சி குந்திக்கொண்டு இருக்கிறது."

செல்வநாயகி கைத்தொலைபேசி வெளிச்சத்தை மெத்தையின் தையலுக்குள் விட்டுத் தேடினார். கனத்த உடம்பு, பயணக் களை மாறாத முகம். கணவர் பொன்னம்பலம் குளியலறை வாசலில் தோளில் துவாயோடு நின்றார்.

"உவள் சூட்கேஸ் எல்லாத்தையும் குளிக்கிற தொட்டிக்கை அடுக்கி வைச்சிருக்கிறாள். நான் எங்கை குளிக்கிறது?"

"வாளியிலை அள்ளிக் குளியுங்கோ. கனடாவுக்குப் போக முந்தி தொட்டியிலையோ குளிச்சனீங்கள்?"

"பூச்சி பூச்சி எண்டு தேடுறாய். அது உன்னைக் கண்டிட்டு எப்பவோ ஓடியிருக்கும்."

"நீங்கள் பகிடி விடுங்கோ. பூச்சி வந்து சோபாவைத் தெருவிலை எறிஞ்சது ஞாபகம் இல்லைப் போலை. தங்கச்சி, கக்கூஸை ஒருக்கா எனக்கு முன்னாலை திருப்பித் தேய்ச்சு விடும். கோவிக்காதையும்."

அன்ரி தேய்த்தார். புதுச் சீற்றை விரித்தார். தலகணி உறை மாற்றினார். எல்லாம் முடிந்து வெளியே வரத் திரும்பியபோது செல்வநாயகி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னொண்டு. இந்தக் கட்டிலிலை எங்களுக்கு முன்னம் ஆர் படுத்தது? செத்த வீட்டுக்கு வந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?"

எங்கள் ஊர் ஹொட்டல்களில் வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர்கள் முக்கியமாக இரண்டு வகை. கலியாணத்துக்கு வருகிறவர்கள், செத்த வீட்டுக்கு வருகிறவர்கள். இரண்டு கூட்டமும் ஒரே மெத்தையில்தான் மாறி மாறிப் படுக்கும். செத்த வீட்டுக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலுக்குப் போகமாட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிட்ட வரமாட்டார்கள். அவர்கள் புழங்கிய இடத்தைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் மற்றவர்கள் புழங்குவார்கள். முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்கள் அறையை விட்டுப் போனால் அன்ரி யாரும் சொல்லாமலே ஒரு போத்தலில் மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்து மெத்தைக்குத் தெளிப்பார். ஒரு முறை அது சரியாகக் காயாமல் வெள்ளைச் சீற்றில் ஊறிவிட்டது. அடுத்து வந்த பிரெஞ்சுக்காரர் அந்த மஞ்சள் கறையைப் படம் எடுத்து, வேறு யாரோ சிறுநீர் கழித்த படுக்கையைத் தந்தார்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டார். பார்த்தீபன் போத்தலைப் பறித்துக் குப்பையில் போட்டார். யார் முன்பு தங்கினார்கள் என்று விருந்தினர் கேட்டால் சுற்றுலாப் பயணிகள் என்றே சொல்லவேண்டும் என்று எல்லோருக்கும் கட்டளையும் போட்டார்.

முன் அறையில் அதற்கு முன் தங்கியது லண்டனிலிருந்து தகப்பனின் செத்த வீட்டுக்கு வந்த குடும்பம். அன்ரிக்குத் தெரியும். அவர்கள் போன அன்றே இவர்கள் வந்துவிட்டார்கள்.

"இல்லை அம்மா. சுற்றுலா வந்த ஆக்கள்."

குரலை மாற்றி, எவ்வளவு குறைவாகச் சொல்லலாமோ அவ்வளவு குறைவாகச் சொன்னார். உண்மையைச் சொன்னால் அறை மாற்றச் சொல்வார்கள், மாற்ற அறை இல்லை, சண்டை வரும், சண்டைக்கு நடுவில் தன்னை நிறுத்துவார்கள். அவ்வளவும் அந்த ஒரு கணத்தில் யோசித்தாராம்.

"அப்ப சரி" என்றார் செல்வநாயகி. நிம்மதியாகக் கைப்பையைத் திறந்து ஒரு சிவப்புப் பட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, புதிதாக விரித்த கட்டிலின் நடுவில் வைத்தார். "இஞ்சருங்கோ, தாலிக்கு உருக்கிற பொன் இதிலை இருக்கு. நாளையிண்டைக்குப் பொன்னுருக்குக்குக் கொண்டுபோகுமட்டும் என்ரை தலைமாட்டிலைதான். அலுமாரிக்கை வைக்க எனக்கு நம்பிக்கை இல்லை."

அன்ரி என் அறைக்குத் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். இவ்வளவு மாதத்தில் அவர் என் முன்னால் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"என்ரை பிள்ளையின்ரை தாலி, பிள்ளை. துடக்குக் கட்டிலிலை வைச்சிருக்கிறா. நான்தான் விரிச்சுக் குடுத்தனான்."

"சீற் கொதிதண்ணியிலை தோய்ச்சதுதானே அன்ரி."

"துடக்கு மிசினிலை போகுமோ? மெத்தை ஆர் தோய்ச்சது?"

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாத நான் என்ன சொன்னாலும் அந்த அறைக்குள் அது எடுபடாது என்பது விளங்கியது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட இவர் இந்த மெத்தையைத்தான் நினைப்பார். வாழ்நாள் முழுக்க நினைப்பார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் அறையைக் கொடுத்தால் என்ன? மாதக்கணக்காக இதில் செத்த வீட்டு ஆள் ஒருவரும் தங்கவில்லை. நான் போய் முன் கதவைத் தட்டினேன். என்னுடைய ஏசி நன்றாகக் குளிர்கிறது, எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அறை மாறுவோமா என்று கேட்டேன். செல்வநாயகி சந்தோஷமாகத்தான் பார்க்க வந்தார். அன்ரி அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று ஏற்கனவே மடித்த துவாய்களை மறுபடி மடித்தார்.

செல்வநாயகி கட்டிலைச் சுற்றி நடந்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை கனநாளாய் இஞ்சையோ?"

"ஓம் அம்மா. அஞ்சாறு மாதம்."

"அப்ப... கேக்கிறன் எண்டு குறை நினைக்காதையும். வீட்டுக்குத் தூரமான நாளிலையும் இந்தக் கட்டிலிலைதானே படுத்திருப்பீர்?"

உலகத்தில் எத்தனையோ விடுதிகளில் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"வேண்டாம் பிள்ளை. அங்கை சுற்றுலா வந்த ஆக்கள்தானாம் படுத்தது. உந்தத் தங்கச்சிதான் சொன்னவ." அன்ரியின் முதுகைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அன்ரி துவாயை வாயில் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

"என்ரை வாயாலையே எல்லாக் கதவையும் பூட்டிப் போட்டன்" என்றார்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொன்னால் செல்வநாயகி மனேச்சரைக் கூப்பிடுவார், மனேச்சர் பொய் சொன்ன ஆளைக் கூப்பிடுவார், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்றார். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றார். எழுந்துபோய் மீதி அறைகளைத் துப்பரவாக்கினார். விறாந்தையில் தள்ளுவண்டிச் சில்லின் சத்தம் மத்தியானம் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தது. முன் அறையைக் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் அது நின்று நின்று போயிற்று.

பின்னேரம் பொன்னம்பலமும் கீர்த்திகனும் இணுவிலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அன்ரிக்கு வேலை முடிகிற நேரம். சீருடையோடேயே போய் அந்தக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் என் வாசலில்தான் நின்றேன். வேண்டாம் என்று அவர் சைகை காட்டவில்லை.

"அக்கா, நான் மகாதேவி. மதுரான்ரை அம்மா."

செல்வநாயகி முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

"காலமை வந்தது... நீங்களோ?"

"ஓம் அக்கா."

"கக்கூஸ் தேய்ச்சதும் நீங்களோ?"

"ஓம்."

"ஐயோ, கடவுளே. என்ன வேலை பாத்தியள்? ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"அதை விடுங்கோ அக்கா. இந்தக் கட்டிலிலை முந்திப் படுத்தது செத்த வீட்டு ஆக்கள். லண்டன் ஆக்கள். நான் பொய் சொன்னனான். பொன்னை அதிலை வைக்காதேங்கோ."

செல்வநாயகி திரும்பி ஓடிய வேகத்தை அந்த உடம்பில் நான் எதிர்பார்க்கவில்லை. தலகணியடியிலிருந்து பொட்டலத்தைப் பறித்து எடுத்தார். எடுத்துவிட்டு நின்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் வைக்கப்போய்க் கையை இழுத்தார். அதிலும் அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள். கதிரையில் இருந்திருப்பார்கள். அலுமாரிக்குள் உடுப்புத் தொங்கவிட்டிருப்பார்கள். நிலத்தில் நடந்திருப்பார்கள். ஏசிக்கு நடுவில் வேர்க்க வேர்க்க அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் பிடியுங்கோ" என்று நீட்டினார்.

அன்ரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பகல் முழுக்கக் கக்கூஸ் கழுவின கை அக்கா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு இருவருமே பார்வையை எடுத்துக்கொண்டார்கள். என் கட்டிலின் கதை அவர்கள் இருவருக்கும் தெரியும்.

"இணுவிலுக்குக் குடுத்து விடுங்கோவன்" என்றார் அன்ரி.

"ஏன் எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? துடக்கெண்டு ஆர் சொன்னது எண்டு கேப்பினம். உங்கடை பேரைச் சொல்லுறதோ? சம்மந்தியைக் கக்கூஸ் தேய்க்க விட்டவள் எண்டு என்னைத்தான் ஊர் காறித் துப்பும். கனடா முழுக்கக் கதைப்பினம். என்ரை மகனுக்கு முன்னாலை நான் எப்பிடி நிக்கிறது?"

அதுவரை அன்ரி பயந்தது தன் பெயருக்கு. அந்தப் பயம் முன்னால் நின்ற மனிசிக்கும் தொற்றிவிட்டது என்பதை அப்போதுதான் கண்டார். கலியாணம் நிற்காது. அது அவருக்கு விளங்கிவிட்டது. நிற்காது என்பதற்கு என்ன விலை என்பதும் அடுத்த சொல்லிலேயே விளங்கியது.

"நாளைக்கு உங்கடை வீட்டை வரேக்கை நான் உங்களை முதல் தரம் காணுறன். சரியோ? இவருக்கும் தெரியக் கூடாது, மகனுக்கும் தெரியக் கூடாது. நீங்களும் மதுராவுக்குச் சொல்லாதேங்கோ. இந்த வேலை இண்டையோடை வேண்டாம். சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம் அக்கா."

"பொன்னைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொல்லுவன். தொடவும் ஏலாதாம்."

அன்ரி கீழே சமையலறையில் மஞ்சள் கேட்டு வாங்கிக் கரைத்துக்கொண்டு வந்தார். குழாயில் முழங்கைவரை கழுவிவிட்டு, அறை முழுக்கத் தெளித்தார். மெத்தையிலும் தெளித்தார். அவ்வளவு நேரமும் செல்வநாயகி பொட்டலத்தை இறக்கவில்லை. தெளித்து முடிந்த பிறகும் இறக்கவில்லை. கணவர் வந்து ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்க, தலைமாட்டில் வைத்தால் நித்திரை வராது போல இருக்கிறது என்றாராம். அன்றிரவு முழுவதும் கதிரையில், மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். இதைப் பொன்னம்பலம் பண்டத்தரிப்பில் எல்லோருக்கும் பகிடியாகச் சொன்னபோது, பட்டுச் சேலையும் பொட்டுமாக நின்ற அன்ரியும் சேர்ந்து சிரிக்கவேண்டியிருந்தது.

கலியாணம் நன்றாக நடந்தது. எனக்கும் அழைப்புச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் சம்மந்திகள் இரண்டு பேரும் எங்கே போனாலும் கையைப் பிடித்தபடியே போனார்கள். என்ன ஒற்றுமை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது ஒற்றுமை போலத் தெரியவில்லை. ஒருவர் மற்றவரைத் தனியே விடப் பயந்தது போல இருந்தது.

கீர்த்திகன் குடும்பம் திரும்பிப் போயிற்று. மதுராவுக்கு விசா வரும்வரை அவள் பண்டத்தரிப்பில். அன்ரி சத்தியத்தைக் காப்பாற்றி வீட்டில் இருந்தார். இருந்து பார்த்தார். படுக்கையில் கிடக்கிற கணவர், தொலைபேசியோடு இருக்கிற மகள், நாளுக்கு இரண்டு தரம் கூட்டின முற்றம். "ஒபிஸ் இல்லையோ?" என்று அயலில் கேட்கத் தொடங்கினார்கள். இல்லை என்றால் ஏன் என்பார்கள். ஒரு பொய்யை நிறுத்த இன்னொரு பொய் வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தின் பின் ஒரு காலை, என் அறைக் கதவில் தட்டுக் கேட்டது. திறந்தால் சாம்பல் நிறச் சீருடைச் சட்டையும் முகக்கவசமுமாக நின்றார்.

"வீட்டிலை இருந்தால் நானும் படுக்கையிலை விழுந்து வருத்தக்காரியாப் போவன், பிள்ளை. இஞ்சை எண்டாலும் ஒரு கட்டிலை விரிச்சு முடிச்சால் அது முடிஞ்சதுதானே."

இப்போது அவர் ஊருக்கு மட்டுமல்ல, ரொறொன்ரோவுக்கும் ஒளித்து வேலை செய்கிறார். மதுராவுக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது என்பதும் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் நடந்தது மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீட்டுக்குத்தான் அவள் வாழப் போகிறாள். இதை எழுதட்டுமா என்று நான் கேட்டபோது அன்ரி கொஞ்சம் யோசித்தார். "பேரையும் ஊரையும் மாத்திப்போட்டு எழுதும். ஆனால் மஞ்சள் கறைக் கதையை விடாதையும், அது என்ரை பிழை இல்லை" என்றார்.

செல்வநாயகி நினைத்த நேரத்தில் வீடியோவில் அழைப்பார். வேலை நேரத்தில் வந்தால் அன்ரி சீற் அடுக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். வெறும் சுவர் உள்ள மூலை அங்கே ஒன்றுதான். சட்டைக்கு மேலே ஒரு துண்டைப் போர்த்து, முகக்கவசத்தைக் கழற்றி, சுவரில் முதுகு படிய நின்று கதைப்பார். சில நாள் அவரோடு கதைத்துக்கொண்டு போன நானும் உள்ளே அகப்பட்டுக்கொள்வேன். மூச்சுவிடாமல் சீற் அடுக்குகளுக்கு இடையில் நிற்பேன்.

போன கிழமையும் அப்படித்தான் நின்றேன்.

"வீட்டிலைதானே நிக்கிறியள்?" செல்வநாயகியின் குரல் அந்தச் சின்ன அறைக்குள் பெரிதாகக் கேட்டது.

"ஓம் அக்கா. வேறை எங்கை?"

"நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் வாறம். மதுராவையும் கூட்டிக்கொண்டு போகலாம். தங்கிறதுக்கு எங்கையெண்டு யோசிச்சனாங்கள். பூச்சி கீச்சி இல்லாத இடம் அதுதான். உங்கடை அந்தப் பழைய ஹொட்டலையே புக் பண்ணச் சொல்லிட்டன் மகனை. இப்ப நீங்கள் அங்கை இல்லைத்தானே, எனக்கும் மனச்சாட்சிக் குத்து இல்லை."

அன்ரி சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

"எத்தினை நாளைக்கு அக்கா?"

"ஒரு மாதம்" என்றது தொலைபேசி.